சுல்பிகா பேரில் எழுதின வீடு

சூறாவளி அடித்தது வியாழக்கிழமை இரவு. சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குள் தாழைமுனைப் பள்ளிவாசல் நிருவாகம் மூன்று கூட்டம் கூடி முடித்துவிட்டது. மூன்று கூட்டமும் சேர்ந்து றோட்டில் குறுக்கே கிடந்த ஒரு தென்னையைக்கூடப் புரட்டிப் போடவில்லை. ஊரில் தாய்வழிக் குடிகள் ஏழு, குடிக்கு ஒருவராகப் பள்ளிக்கு ஏழு மரைக்கார்மார். எம்.பி.க்கு அனுப்பும் பெட்டிசத்தில் எந்தக் குடி மரைக்கார் முதலில் கையெழுத்து வைப்பது என்ற விவகாரத்திலேயே முதல் கூட்டம் கரைந்து போனது. இரண்டாவது கூட்டம், முதல் கூட்டத்தில் யார் யாரை மரியாதையில்லாமல் கதைத்தார் என்று விசாரிக்க. மூன்றாவது கூட்டம் எதற்கென்று அதில் இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. தேத்தண்ணி மட்டும் ஊற்றினார்களாம்.

ஸம்ஸியாவுக்கு இந்தச் செய்தி கிடைத்தபோது அவள் டிஸ்பென்சரி வளவுக்குள் முழங்கால் அளவு சேற்றில் நின்று, கவிழ்ந்து கிடந்த மருந்து அலுமாரியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவள் அரசாங்கத்து மருத்துவிச்சி. ஊரார் அவளை மிஸ்ஸி என்பார்கள். பதினேழு வருடமாக இந்த ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிறாள், கூட்டம் கூடிய மரைக்கார்மாரின் பேரப்பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் அவள்தான். டிஸ்பென்சரியை நடத்த வேண்டிய அப்போதிக்கரி ஐயா சூறாவளிக்கு நான்கு நாள் முன்பு லீவில் கண்டிக்குப் போனவர். பாதை அறுந்துவிட்டது, அவர் வருவது இப்போதைக்கு இல்லை. ஆகவே ஸம்ஸியாவும் லேபர் வேலை பார்க்கிற கச்சிமுகம்மதுவும்தான் மிச்சம். கட்டடமும் மிச்சமில்லை. கூரைத் தகரம் முழுக்கப் பறந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டது, கிழக்குச் சுவரும் விழுந்துவிட்டது.

"மூணு கூட்டமா?" என்றாள் ஸம்ஸியா. "அடேயப்பா! அவ்வளவு கதைச்சும் வாய் நோகல்லயாமா அவங்களுக்கு?"

"வாய் நொந்தா இஞ்சதானே வருவாங்க மருந்துக்கு" என்றான் கச்சிமுகம்மது. "நல்லாப் புடிங்க மிஸ்ஸி, கண்ணாடி உடையப் போகுது."

வேப்பமரத்தின் மிஞ்சிய அடிமரத்துக்கும் உடைந்த சுவருக்கும் நடுவே நெல் மூட்டை மூடுகிற படங்கை இழுத்துக் கட்டினார்கள். அதற்குக் கீழே ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஊசி அவிக்கிற தட்டு. அவ்வளவுதான் டிஸ்பென்சரி. முதல் மூன்று நாளும் தகரம் வெட்டின காயங்கள், ஓடு விழுந்த தலைகள், முறிந்த கைகள். கழுவுவதும் கட்டுவதுமாக அவளுக்கு விரல் நுனியெல்லாம் வெந்து போனது. அதுவரையில் பரவாயில்லை. நான்காம் நாள் வயிற்றாலடி தொடங்கியது.

தொடங்காமல் என்ன செய்யும்? கிணறுகளுக்குள் உவர்த்தண்ணி, செத்த ஆடு, அழுகின ஓலை. குளோரின் தூள் இரண்டு பேணிதான் அலுமாரியில் இருந்தது, அதை அளந்து அளந்து ஒரு தெருவுக்கு ஒரு கிணறு என்று போட்டாள். கொதித்தாறின தண்ணீரில் சீனியும் உப்பும் கலந்து பிள்ளைகளுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் கொதிக்க வேண்டுமே! மழை விட்டபாடில்லை. படங்கில் தண்ணி தேங்கித் தொங்கி, ஒரு மூலையால் கொட்டும். நெசவுகாரி றம்லா தன் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, கொட்டியது நேரே அடுப்புக்கு மேல்தான். திரியெல்லாம் நனைந்துவிட்டது. கச்சிமுகம்மது முப்பது நெருப்புக்குச்சி கிழித்தும் பற்றவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தாள், பிள்ளை கக்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லுகிற நேரம் பிள்ளை அவள் மடியிலேயே மூச்சடங்கி மவுத்தாகிப் போனது.

றம்லா அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஸம்ஸியாவுக்குப் பட்டது. மூன்று கூட்டம் கூடின பள்ளியின் மீதும் கோபம், கண்டிக்குப் போன ஐயாவின் மீதும் கோபம், எல்லாரையும்விட அந்தப் படங்குக்குக் கீழே நான்கு நாள் பேசாமல் நின்ற தன்மீதுதான் கூடக் கோபம். இன்னும் பதினொரு பிள்ளைகள் வயிற்றாலடியோடு கிடந்தார்கள். ஒழுகாத ஒரு கூரை கிடைக்காவிட்டால் அந்தப் பதினொன்றில் எத்தனை தங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஊரில் ஒழுகாத கூரை இரண்டுதான். ஒன்று பள்ளி, அதற்குள் வீடிழந்த நானூறு பேர் கால் நீட்ட இடமில்லாமல் இருந்தார்கள். பள்ளிக்கூடம், நெசவுசாலை, அரிசி மில் ஒன்றுக்கும் கூரை கிடையாது. மற்ற ஒழுகாத கூரை, சரீப் ஹாஜியார் மகளுக்குக் கட்டி முடித்திருந்த புதுவீடு. மேலே கொங்கிறீட் தட்டு, ஐந்து அறை, சிவப்பு மினுக்கின சீமெந்துத் தரை, புதுக்கிணறு. சூறாவளி அதில் ஒரு சன்னல் கண்ணாடியைத்தான் உடைத்தது. அது பூட்டிக் கிடந்தது, பூட்டின் திறப்பு ஹாஜியார் வீட்டு அலுமாரிக்குள்.

சரீப் ஹாஜியார் ஏழு மரைக்கார்மாருக்கும் தலைவர். சவளக்கடைப் பக்கம் நாற்பது ஏக்கர் வயல், ஊருக்குள் ஒரு மில், நெஞ்சுவரைக்கும் தாடி, தாடி வரைக்கும் பெருமை. ஸம்ஸியா போனபோது அவர் மனைவியின் வீட்டு மண்டபத்தில், ஓடு போன இடத்துக்குத் தள்ளிக் கதிரை போட்டு இருந்தார்.

"ஹாஜியார், புதுவீட்டுத் திறப்பத் தாங்க. டிஸ்பென்சரிய அங்க கொண்டு போறன்."

"எந்த வீடு?"

"ஊருக்குள்ள கூரையோட நிக்கிற வீடு ஒண்டுதானே இரிக்கி. உங்கட மகளுக்குக் கட்டினது."

ஹாஜியார் சிரித்தார். சின்னப் பிள்ளை நிலாவைக் கேட்டதற்குச் சிரிக்கிற சிரிப்பு. "மிஸ்ஸி, மௌலூது மாசம் நிகாஹ் வெச்சிரிக்கி. மாப்பிள அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர். மணமக்கள் குடி போகாத வீட்டுக்குள்ள வயித்தாலடிக்காரனக் கொண்டு வந்து போட்டா சம்பந்தி என்ன சொல்லுவார்?"

"இந்தப் புள்ளைகள் மவுத்தாப் போனா சம்பந்தி என்ன சொல்லுவார் எண்டும் கேட்டு வையுங்களன்."

"கோவிக்காதீங்க. நான் கைய விரிக்கல்ல. என்ட பங்குக்கு நூறு கிடுகு தாறன். நல்லாக் கொட்டில் போட்டுக்கங்க."

கேளுங்கள் அநியாயத்தை! ஊரில் தென்னை என்று நின்றதெல்லாம் சரிந்து, கால் வைக்க இடமில்லாமல் ஓலை குவிந்து கிடக்கிறது. அதில் நூறு கிடுகு தருகிறாராம் மனிதர். அதையும் யார் பின்னுவது என்று சொல்லவில்லை. அந்த மழையில் பச்சை ஓலை நான்கு நாள் தாங்குமா என்று ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்?

"பெரிய மனசுதான் உங்களுக்கு" என்றாள் ஸம்ஸியா. "நீங்களே வெச்சிக்கங்க. மகள்ர கலியாணப் பந்தலுக்கு உதவும்."

அவள் எழும்பினாள். கேற்றுக்குப் போகாமல் நேரே குசினிக்குள் போனாள். அங்கே ஹாஜியாரின் மனைவி நஸீறா நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள். மகள் சுல்பிகா பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். மண்டபத்துக் கதையெல்லாம் இருவர் காதிலும் விழுந்திருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது.

"நஸீறா ராத்தா, ஒண்டு கேக்கன். புதுவீட்டு உறுதி ஆர்ர பேர்ல?"

நஸீறா ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். "அது உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

தெரியாமல் என்ன? இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டி அவள் பேரில் எழுதிக் கொடுத்துக் கலியாணம் முடிப்பார்கள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். சரீப் ஹாஜியாரும் அப்படித்தான் முப்பது வருடத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு நஸீறாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வழக்கமாக உறுதிப் பத்திரம் எழுதுவது நிகாஹுக்குக் கிட்டத்தான். ஆனால் மாப்பிள்ளையின் வாப்பா இப்றாஹிம் மாஸ்டர் அவசரக்காரர், உறுதியைக் கண்ணால் கண்டால்தான் நாள் குறிப்பேன் என்று நின்றார். ஹாஜியாருக்கு அது போதாதா? கல்முனையில் நொத்தாரிசிடம் போய் வளவையும் வீட்டையும் சுல்பிகா பேருக்கு எழுதி, அந்த உறுதியை ஒரு ஜும்ஆ முடிந்தபின் பள்ளி முற்றத்தில் வைத்து எல்லாரும் கேட்க வாசித்தும் காட்டினார். எல்லைகளை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

"மிஸ்ஸி" என்றாள் சுல்பிகா. "றம்லா ராத்தாட மகன் மழையில நனைஞ்சா மவுத்தான?"

"மழையால தண்ணி கொதிக்கல்ல கிளி. அதாலதான் மவுத்தான. என்ட மடியிலதான் போன."

சுல்பிகா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திறப்போடு வந்தபோது நஸீறா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாப்பாட்டக் கேக்காமயா?"

"என்ட பேருக்கு எழுதக்குள்ள வாப்பா என்னட்டக் கேட்டாரா உம்மா? மாப்பிள பாக்கக்குள்ள கேட்டாரா? இப்ப நான் ஏன் அவரக் கேக்கணும்?" சுல்பிகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நானும் வாறன் மிஸ்ஸி. புதுப்பூட்டு, கொஞ்சம் இழுத்துத் திறக்கணும்."

நஸீறா பிடியை விட்டாள். குசினிப் படலையால் மூன்று வீடு சுற்றிக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் ஹாஜியார் யாரிடமோ கிடுகு கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது பின்னால் கேட்டது.

புதுவீட்டு வாசலில் கச்சிமுகம்மது மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்தபடி தயங்கி நின்றான். தரை அவன் முகத்தைக் காட்டியது. "மிஸ்ஸி, கால் சேறு..." என்றான். "சேறு கழுவினாப் போகும், வா உள்ளுக்கு" என்றாள் ஸம்ஸியா. ஒரு மணித்தியாலத்துக்குள் பதினொரு பிள்ளைகளும் தாய்மாரும் உள்ளே வந்தார்கள். மணவறைக்கென்று கொழும்பிலிருந்து எடுப்பித்த கட்டிலில் மேல் உறைகூடக் கழற்றாமல் கிடந்தது. ஸம்ஸியா உறையை இருக்கவிட்டு, குறுக்குப்பாட்டில் நான்கு பிள்ளைகளைப் படுக்கப் போட்டாள். கழுவுவதற்கு உறைதான் சுகம். குசினியில் இரண்டு அடுப்பு எரிந்தது. கிணற்றுக்குக் கடைசிப் பேணியில் இருந்து குளோரின் அளந்து போட்டாள். ஒரு லீற்றர் தண்ணிக்கு எட்டுத் தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு, வழித்து அளக்க வேண்டும், குவித்து அளக்கக்கூடாது என்று சுல்பிகாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். ஆண்களுக்கு வெளிவிறாந்தை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள் அறைகள்.

ஹாஜியாருக்கு இது தெரிய வந்த விதம்தான் அழகு. அன்று மஃரிப் தொழுது வெளியே வந்தவரின் கையை ஒரு கிழவர் இரண்டு கையாலும் பிடித்து, "மாஷா அல்லாஹ்! பெரிய தர்மம் செஞ்சிட்டீங்க ஹாஜியார். சுவர்க்கத்தில ஒங்களுக்கு ஒரு மாளிகை நிச்சயம்" என்று அழுதார். ஹாஜியார் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ், நம்மளால ஏலுமானது" என்றார். எதற்காகச் சொன்னோம் என்று பிறகுதான் விசாரித்தார். விசாரித்தபோது முகம் கறுத்துப் போனது. அதற்குள் இருபது பேர் வந்து கை கொடுத்துவிட்டார்கள். இனி என்னத்தைச் சொல்வது? வாங்கின துஆவைத் திருப்பிக் கொடுக்க ஏலுமா? மனிதர் ஐந்து நாள் விழுங்கிக்கொண்டு திரிந்தார்.

அந்த ஐந்து நாளில் டிஸ்பென்சரி நடந்தது. கல்முனையிலிருந்து ஒரு டொக்டர் உழவு மெசினில் வந்து, எட்டுச் சேலைன் போத்தலும் இரண்டு பெட்டி மருந்துக் குளிசையும் இறக்கி, ஸம்ஸியா எழுதி வைத்த கொப்பியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அடுத்த ஊருக்குப் போனார். சொறிக்கல்முனையிலிருந்துகூட ஒரு கிழவனை மாட்டு வண்டியில் கொண்டு வந்து போட்டார்கள். சுல்பிகா இரவு பகல் பாராமல் கரண்டியோடு இருந்தாள். பிள்ளைகள் பத்தொன்பதாயின. ஆறு எழும்பி வீட்டுக்குப் போயின. ஒன்றும் சாகவில்லை. ஸம்ஸியாவுக்கு ஐந்தாம் நாள்தான் சோறு வாய்க்கு ருசித்தது.

ஆறாம் நாள் இப்றாஹிம் மாஸ்டர் சைக்கிளில் வந்தார். பக்கத்து ஊர்தான். சூறாவளி அடித்துப் பத்து நாளாகிறது, மருமகளாக வரப்போகிறவள் உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு ஆளனுப்பிக் கேட்காத மனிதர், இப்போது தெருமுனையில் இறங்கி முதலில் கேட்ட கேள்வி: "வீடு தப்பிச்சா?" தப்பிச்சது என்றார்கள். எப்படித் தப்பிச்சது, உள்ளே என்ன நடக்கிறது என்றும் சொன்னார்கள். மாஸ்டர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் ஹாஜியாரிடம் போனார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் பள்ளி நிருவாகம் நான்காவது கூட்டத்தையும் கூடி முடித்தது. வரலாற்றிலேயே இந்தக் கூட்டத்தில்தான் ஒரு தீர்மானம் வந்தது. ஆணும் பெண்ணும் ஒரு கூரைக்குக் கீழ் நோயாகக் கிடப்பது மார்க்கத்துக்குச் சரியில்லை, ஆகவே அரசாங்கம் கட்டடம் கட்டித் தருமட்டும் டிஸ்பென்சரியை மூட வேண்டும், வருத்தக்காரர்கள் தங்கள் பாட்டில் கல்முனைக்குப் போக வேண்டும். பத்து மைல், ஒவ்வொரு நூறு முழத்துக்கும் ஒரு மரம் விழுந்த பாதை. பள்ளிக்குள் அதே நேரம் ஆணும் பெண்ணுமாக நானூறு பேர் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள். அது மார்க்கத்துக்குச் சரியாக இருந்தது போலும்.

ஏழு மரைக்கார்மாரும் மாஸ்டரும் மழைத்தூறலில் புதுவீட்டு முற்றத்துக்கு வந்து வரிசையாக நின்றார்கள். வரிசையிலும் குடி முறை பிசகவில்லை. ஸம்ஸியா படியில் வந்து நின்றாள். பின்னால் கதவோரம் தாய்மார் கூடிவிட்டார்கள்.

ஹாஜியார் தீர்மானத்தை வாசித்தார். "அஸருக்கு முன்ன வீடு வெறுமையாகணும் மிஸ்ஸி" என்று முடித்தார்.

"வாசிச்சது நல்லாத்தான் இரிக்கி" என்றாள் ஸம்ஸியா. "பத்தொன்பது புள்ளைகள் வந்து பதின்மூணு உள்ளுக்குக் கிடக்கு. மழைக்குள்ள தூக்கிப் போட்டா நாளைக்கு எத்தின மையித்து விழும் எண்டு தீர்மானத்தில எழுதல்லயா?"

"உலகக் கதை வேணா. இது என்ட வீடு. நான் சொல்றன்."

"உறுதிய நீங்கதானே பள்ளி முத்தத்தில நிண்டு வாசிச்ச? அதுல உங்கட பேர எங்கயும் நான் கேக்கல்லயே!"

கதவோரத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஹாஜியாரின் தாடி ஆடியது.

"சரி, சண்ட வேணா" என்றாள் ஸம்ஸியா. "இந்த வீட்ட விட்டுடுறன். வேற வீடு தாங்க. அரைக்கூர எண்டாலும் காரியமில்ல, தகரம் அடிச்சிக்குவம். ஏழு பேர் நிக்கிறீங்க, ஏழு குடிக்கும் தலைவர்மார். சொந்தத்தில ஒரு வீடு இரிக்கிற மரைக்கார் கைய உயத்துங்க. இப்பவே சாமானத் தூக்கிக்கிட்டு அங்க வாறன்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வயல் இருந்தது, தோணி இருந்தது, மாடு இருந்தது, ஒருவருக்கு லொறிகூட இருந்தது. வீடு? எல்லாரும் மனைவிமார் வீட்டில் இருப்பவர்கள். வாழ்நாளில் மகள்மாருக்கென்று இரண்டும் மூன்றும் வீடு கட்டினவர்கள், தங்கள் பேரில் ஒரு கதவுநிலை இல்லாதவர்கள். கடைசியில் நின்ற மரைக்கார் ஒருவர் பாதிக் கையைத் தூக்கினார். தூக்கின பிறகுதான் மனைவியின் முகம் ஞாபகம் வந்தது போல. அதைத் தாடி சொறியத் தூக்கின கையாக ஆக்கிக்கொண்டார்.

உள்ளே தாய்மார் சத்தம் போட்டே சிரித்தார்கள். பத்து நாளாக அந்த ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "ஹாஜியார், நான் இந்த நாடகம் பாக்க வரல்ல. என்ட மகன் இந்த வீட்டுக்கெண்டுதான் கலியாணத்துக்கு ஓமெண்ட. வாந்தியும் பேதியும் நாறின வீட்டில அவன் இருக்கமாட்டான். இண்டைக்குக் காலியாக்கி, வெள்ளையடிச்சித் தாறண்டா நாள் நிக்கும். இல்லாட்டி நான் வேற இடம் பாக்கன்."

"மாஸ்டர், பதறாதீங்க" என்றார் ஹாஜியார். இவ்வளவு நேரமும் மற்றவர்களிடம் இருந்த குரல் எங்கே போனதோ! கெஞ்சினார் மனிதர். "இந்த வீடு போகட்டும். மாப்பிளைக்கு நான் வேற வீடு கட்டித் தாறன். இதவிடப் பெரிசா, ரெண்டு தட்டா."

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சுல்பிகா பேசினாள். தலையில் முக்காடு, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் கரண்டி.

"வாப்பா, அந்த ரெண்டு தட்டு வீட்ட மாப்பிளைர பேருக்கே எழுதிக் குடுங்க. அவருக்கு வேண்டியது வீடுதானே? அவரும் அவர்ர வாப்பாவும் அதுக்குள்ள இரிக்கட்டும். எனக்கு இந்த வீடு போதும். இதுக்குள்ள கிடக்கிற ஒருத்தரும் வெளியில போகத் தேவல்ல, நான் சொல்றன்."

மாஸ்டர் சால்வையை உதறித் தோளில் போட்டார். சைக்கிளைத் தூக்கித் திருப்பினார். ஸலாம் சொல்லவில்லை. அவர் போன பிறகு மரைக்கார்மாரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், இந்தத் தரம் குடி முறை எதுவும் பார்க்கவில்லை.

குசினிக்குள் சுல்பிகா அழுதாள். ஸம்ஸியா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"என்னால உன்ட கலியாணம் போயிட்டுது புள்ள."

"ஒங்களால இல்ல. ஒருதரம் கண்டன் மிஸ்ஸி, வாசிகசாலையடியில. எனக்கு அவரப் புடிச்சிருந்திச்சி." சுல்பிகா மூக்கை உறிஞ்சினாள். "தலகணி உறைக்கெல்லாம் பூப் போட்டு வெச்சிருந்தன். இப்ப அதுலயெல்லாம் புள்ளைகள் சத்தி எடுத்திரிக்கி."

பிள்ளைப்பேற்று வலிக்குச் சொல்ல ஸம்ஸியாவிடம் நூறு வார்த்தை உண்டு, இதற்கு ஒன்றுகூட இல்லை. சுல்பிகாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்தது. பானையில் தண்ணி கொதித்துப் பொங்கியது, சுல்பிகா முகத்தைக் கழுவிக்கொண்டு எழும்பி உப்பை வழித்து அளந்தாள்.

அஸருக்குப் பிறகு நஸீறா வந்தாள். தலையில் பெரிய கஞ்சிப் பானை, கச்சிமுகம்மது ஓடிப்போய் இறக்கினான். அவள் தன் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகியிருந்தாள். முற்றத்தில் நடந்ததெல்லாம் அவளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மகளை ஒரு தரம் பார்த்தாள். நேரே போய் விறாந்தையில் கிடந்த கிழவனுக்குக் கஞ்சி ஊட்டத் தொடங்கினாள்.

பொழுதுபடுகிற நேரம் கேற்றடியில் சரீப் ஹாஜியார் வந்து நின்றார். மழை பிடித்திருந்தது. தலைத்தொப்பியிலிருந்து தண்ணி வடிந்து தாடி வழியாக ஓடியது. வீட்டுக்குப் போய்ப் பூட்டைக் கண்டிருக்கிறார். மில்லுக்குக் கூரையில்லை. பள்ளிக்குப் போனால் நானூறு பேரும் தீர்மானத்தைப் பற்றிக் கேட்பார்கள். தாழைமுனையில் அவர் போய் ஒதுங்க வேறு கூரை கிடையாது.

"நஸீறா" என்று கூப்பிட்டார். "திறப்பத் தா."

"வேல முடியக்குள்ள வாறன்" என்றாள் நஸீறா, திரும்பிப் பாராமல்.

"எப்ப முடியும்?"

நஸீறா ஸம்ஸியாவைப் பார்த்தாள். ஸம்ஸியா சேலைன் போத்தலை சன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஹாஜியார், வயித்தாலடி எண்டா உள்ளுக்கு வாங்க, பாய் இரிக்கி. வருத்தம் ஒண்டுமில்லாட்டி அந்த வாளிய எடுங்க. அண்டாவில தண்ணி முடிஞ்சிது, பதின்மூணு புள்ளைக்கு ராவைக்குக் கொதிக்கவைக்கணும்."

ஹாஜியார் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேலி விழுந்த வளவுகள், ஒவ்வொன்றிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு கேற்றடியில் இருந்த அடுத்த வளவுக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

"அது ஆடு செத்த கிணறு ஹாஜியார்!" என்று கத்தினாள் ஸம்ஸியா. "குளோரின் போட்டது குசினிக்குப் பின்னால இரிக்கி. வாளிய முதல்ல கழுவுங்க."

ஹாஜியார் திரும்பி வந்து வாளியைக் கழுவினார்.